பாசல் நகருக்கு வெளியே, பிர்ஸ் பாலத்தடித் தொழுநோயர் இல்லம்: ஏன் அங்கே, எப்படி நடந்தது?

#1 பிர்ஸ்கரை

எல்லோருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தின் பாசலில் இருக்கிற ஆக்களுக்கு சங்க்ட் யாக்கோப் என்றால் உதைபந்தாட்ட மைதானம்தான். அந்தப் பெயர் அங்கே இருந்த புனித யாக்கோபு சிற்றாலயத்திலிருந்து வந்தது. அந்த ஆலயம் ஒரு தொழுநோயர் இல்லத்தின் ஆலயம். 14-ஆம் இலக்க ட்ராமில் முத்தென்ஸ், பிரத்தெல்ன் பக்கம் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இந்த இல்லத்தின் வரலாற்றைத் தமிழில் ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம் என்றுதான் இந்த இழை.

முதலில் இடம். அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

பிர்ஸ் ஆறு யூரா மலையிலிருந்து இறங்கி, பாசலுக்குக் கிழக்கே ரைனில் விழுகிறது. பழைய நகர வாசலிலிருந்து பாலத்தடிக்கு ஏறத்தாழ அரை மணி நேர நடை. பாலத்தைத் தாண்டினால் முத்தென்ஸ், லீஸ்தால், பிறகு ஹவென்ஸ்டைன் கணவாய்கள், அதற்கப்பால் கோத்தார்ட். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோத்தார்ட் வழி திறந்த பிறகு ஆல்ப்ஸைக் கடந்து வந்த சரக்கில் பெரும்பங்கு இந்தத் தெருவால்தான் பாசலுக்குள் வந்தது. தொழுநோயர் அதற்கு முதல் இருந்தது நகருக்குப் பக்கத்தில், சங்க்ட் அல்பான் புறநகரில். அங்கே வீடுகள் நெருங்கியபோது, அதே நூற்றாண்டில், இல்லம் பிர்ஸ் பாலத்துக்குப் போனது.

பாலம் என்றால் வண்டி நிற்கும் இடம். சுங்கம் கட்ட வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், வெள்ளம் என்றால் வடியும் வரை காத்திருக்க வேண்டும். பயணியின் கை பணப்பைக்குள் போகிற இடத்தில்தான் உண்டியலை வைக்க வேண்டும். அதோடு யாக்கோபு யாத்திரிகர்களின் காவலர். அவர் பெயரில் வழியோரம் ஆலயம் இருந்தால் நடந்து வருகிற யாத்திரிகர் நிற்காமல் போக மாட்டார். ஊரை விட்டு விலக்கி வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் விலக்கி வைத்த இடம், நகரச் சந்தைக்கு அடுத்தபடி ஆள்நடமாட்டம் கூடிய இடம்.

இல்லத்தின் அமைப்பு அந்தக் காலத்து வழக்கப்படிதான்: சுற்றுமதில், தெருவைப் பார்த்த வாசல், ஆலயம், இடுகாடு, கிணறு, காய்கறித் தோட்டம், தொழுவம். தோட்ட மதிலை ஞாபகம் வைத்திருங்கள். 1444-இல் அது வேறொன்றுக்குப் பயன்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

#2 வெண்ணிமலை

பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. சந்தைக்கு அடுத்த கூட்டம் என்று சொல்வதால் கொடுமை குறைந்துவிடுமா? நோய் கண்டவனை உயிரோடு செத்தவனாக அறிவித்து, குழிக்குள் நிற்கவைத்து மண் தூவி, சொத்து பத்து எல்லாவற்றையும் பறித்து அனுப்பினார்கள் என்றுதானே படிக்கிறோம்? பாலத்தடியில் வைத்தாலும் பாலைவனத்தில் வைத்தாலும் விரட்டியது விரட்டியதுதானே?

#3 கல்வெட்டுக்காரர்

வெண்ணிமலை, கேள்வி நியாயமானது. இரண்டு மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன, பிரித்துப் பார்க்கலாம்.

குழிக்குள் நிற்கவைத்து மண் போடும் சடங்கு: இது பெரும்பாலும் பிரான்ஸ் பக்கத்துச் சடங்கு நூல்களில், இடைக்காலத்தின் கடைசியிலும் அதற்குப் பின்னும் வருவது. ஐரோப்பா முழுக்க, 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே, எல்லா ஊரிலும் நடந்ததாக எழுதுவது 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் கிளப்பிவிட்ட வழக்கம்.

திருச்சபைச் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் படம் மாறுகிறது. 1179-இல் ரோமில் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கத்தின் (திருச்சபைப் பேரவை) 23-ஆம் விதி, சேர்ந்து வாழும் தொழுநோயர்களுக்குத் தனி ஆலயம், தனி இடுகாடு, தனிக் குரு மூன்றும் கிடைக்க வேண்டும் என்கிறது. இதை எதிர்த்தவர்கள் பங்குக் குருக்கள்தான், அதாவது ஊர்க் கோவில் குருக்கள். தனி ஆலயம் என்றால் காணிக்கை அங்கே போய்விடும், தனி இடுகாடு என்றால் அடக்கக் கட்டணம் போய்விடும். அதனால் அந்த விதி, பழைய பங்குக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள் என்றும் சொல்கிறது. கூடவே தொழுநோயரின் தோட்ட விளைச்சலுக்கும் கால்நடைக்கும் பத்திலொரு பங்கு வரி கேட்காதே என்றும் சொல்கிறது. செத்தவனாகக் கருதியவனுக்கு யாரும் தோட்ட வரிவிலக்கு எழுத மாட்டார்கள்.

திருமணமும் அப்படியே. அந்தச் சங்கத்தைக் கூட்டிய போப் மூன்றாம் அலெக்சாந்தர், தொழுநோய் வந்ததால் மணம் முறியாது என்றுதான் தீர்ப்பு எழுதினார். கணவனுக்கு வந்தால் மனைவி கூடப் போகலாம். போக மனமில்லையென்றால் வேறு மணம் செய்யாமல் இருக்க வேண்டும். நிச்சயதார்த்தம் மட்டும் ஆனவர்கள் விலகிக்கொள்ளலாம்.

அதே சமயம் உங்கள் கோபத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 1321-இல் பிரான்சில், தொழுநோயர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கச் சதி செய்ததாக வதந்தி கிளம்பி, ஐந்தாம் பிலிப் அரசனின் ஆணையோடு பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்து எரித்தார்கள். 1346-இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், தொழுநோயர்கள் லண்டனை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். கிணற்று நஞ்சு என்ற அந்த வதந்தி கொள்ளைநோய்க் காலத்தில் யூதர்கள் மேல் திரும்பியது. பாசலில் 1349 ஜனவரியில் ரைன் ஆற்றுத் தீவில் யூதர்களை எரித்தது அதன் தொடர்ச்சிதான். ஆக, இல்லத்தை ஆதரித்த அதே சமூகம் பயம் வந்தால் கொல்லவும் செய்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை மறைக்கக் கூடாது.

#4 வெண்ணிமலை

சரி ஐயா. அப்படியென்றால் யாருக்கு நோய் இருக்கிறது என்று யார் முடிவு செய்தது? பக்கத்து வீட்டுக்காரன் கை காட்டினால் போதுமா?

#5 தோல்மருத்துவர்

போதாது. தொடக்கம் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் புகார்தான். ஆனால் முடிவு பரிசோதனையில். ஆரம்ப நூற்றாண்டுகளில் பல ஊர்களில் இல்லத்தில் இருந்த மூத்த தொழுநோயர்களே பரிசோதித்தார்கள், நோயை அவர்களைவிட அறிந்தவர் யார்? பிறகு சத்தியப்பிரமாணம் எடுத்த மருத்துவர்களும் அறுவை வைத்தியர்களும் வந்தார்கள். பாசலுக்கு மேற்கிலும் கிழக்கிலும் இந்த முறை ஏறத்தாழ ஒன்றுதான். முடிவை முத்திரையிட்ட கடிதமாகக் கொடுப்பார்கள்.

அவர்கள் கையில் வைத்திருந்த அறிகுறிப் பட்டியல் என்ன என்பது பிரெஞ்சு அறுவை மருத்துவர் கி த ஷோலியாக் 1363-இல் முடித்த அறுவை மருத்துவ நூலில் துல்லியமாக இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத அறிகுறிகள் 6, ஐயத்துக்கு இடமுள்ளவை 16 என்று பிரிக்கிறார். நடைமுறை இப்படிப் போகும்:

நல்ல பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, உண்மை சொல்வேன் என்று சத்தியம் வாங்குவார்கள். உடனே பயமுறுத்தாமல், இந்தப் பரிசோதனை ஆன்மாவுக்கு நல்லது என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, தொழுநோயரோடு பழகினாரா என்று கேட்பார்கள். முதலில் முகம்: புருவம் தடித்து முடி உதிர்ந்திருக்கிறதா, கண்ணும் காதும் உருண்டு தெரிகிறதா, மூக்கு வெளியே அகன்று உள்ளே குறுகியிருக்கிறதா. மூக்குத் துளையைச் சிறு கருவியால் விரித்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உள்ளே புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாடச் சொல்வார்கள், குரல் கரகரத்து மூக்கால் வருகிறதா என்று தெரிய. மூச்சின் நாற்றம், உதட்டின் நிறம், அசையாமல் வெறிக்கும் பார்வை. பிறகு ஆடை களைந்து உடல்: கட்டைவிரல் அடியிலுள்ள தசை வற்றியிருக்கிறதா, தோலில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தடவியது போல வழுகி ஓடுகிறதா, முடிச்சுகள் இருக்கின்றனவா. கண்ணை மறைத்துவிட்டுக் குதிகாலிலும் கெண்டைக்காலிலும் ஊசியால் குத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியமான கட்டம். கடைசியில் ரத்தம் எடுத்துத் துணியில் வடிகட்டி, மணல் போல ஏதாவது தங்குகிறதா என்று தேய்த்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் உப்புக் கல்லைப் போட்டு அது கரையும் வேகத்தையும் பார்ப்பார்கள்.

இன்றைய மருத்துவக் கண்ணால் பார்த்தால் ரத்தமும் உப்பும் வெறும் வீண். ஆனால் மற்றவை? புருவ முடி உதிர்வது, மூக்குத் தண்டு அமிழ்வது, குரல்வளை பாதித்துக் குரல் கெடுவது, கட்டைவிரல் தசை வற்றுவது, உணர்விழப்பு, இவை எல்லாம் முற்றிய தொழுநோயின் உண்மையான அறிகுறிகள். இன்றும் வெளிநோயாளர் பிரிவில் முதலில் கேட்பது உணர்வில்லாத தேமல் இருக்கிறதா என்றுதான். அடுத்து முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்னர் நரம்பைத் தொட்டுப் பார்த்து, கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம். ஜெருசலேம் அரசன் நான்காம் பால்ட்வின் சிறுவனாக இருந்தபோது அவன் ஆசிரியர் தீரின் வில்லியம் கவனித்ததும் இதைத்தான்: மற்றப் பிள்ளைகள் விளையாட்டாகக் கையைக் கீறிக்கொண்டபோது இவனுக்கு மட்டும் வலது கையில் வலிக்கவில்லை.

முடிவு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐயமுள்ள அறிகுறி ஒன்றிரண்டு மட்டும் என்றால் எச்சரித்து, உணவுக் கட்டுப்பாடு சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவை நிறைய, உறுதியானவை கொஞ்சம் என்றால் வீட்டோடு இரு, கூட்டத்தில் கலக்காதே. உறுதியானவை நிறைய இருந்தால்தான் இல்லம். ஒன்றுமே இல்லையென்றால் சுத்தமானவர் என்று கடிதம் கொடுத்து ஊர் வாயை அடைப்பார்கள்.

#6 நூல்தேடி

டாக்டர், எத்தனை பேர் தவறாக உள்ளே போயிருப்பார்கள்? சொரியாசிஸ், படை, சிரங்கு எல்லாவற்றையும் தொழுநோய் என்றே நினைத்தார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்களே.

#7 எலும்பும்நிலமும்

இதற்கு எலும்பிலிருந்து பதில் சொல்ல முடியும், டாக்டர் அனுமதித்தால்.

முற்றிய தொழுநோய் முக எலும்பில் விடும் தடம் வேறு எந்த நோயும் விடாதது. மூக்குத் துளையின் அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்பு முள் கரைந்துவிடும். துளையின் கூரான விளிம்பு மழுங்கி வட்டமாகும். மேல்தாடையில் முன்பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு பின்வாங்கி, பற்கள் ஆடி விழும். அண்ணத்தில் சிறு குழிகள். இதை முதலில் ஒழுங்காக விவரித்தவர் டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மொல்லர்-கிறிஸ்டென்சன். நெஸ்த்வெத் ஊருக்கு வெளியே இருந்த தொழுநோயர் இடுகாட்டை 1948 முதல் தோண்டி, நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளை வைத்துச் சொன்னார். கை கால் எலும்பில் வேறு மாதிரி: விரல் எலும்பு சுற்றளவில் மெலிந்து பென்சில் முனை போலக் கூராகும். ஆறாத பாதப் புண்ணின் சீழ் ஏறியதால் முழங்காலுக்குக் கீழ் எலும்புகளின் மேல் புதிய எலும்புப் படலம் படிந்திருக்கும்.

இந்த மாற்றங்கள் நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்கே எலும்பு வரை போகும். அதனால் ஓர் இடுகாட்டில் பாதிப் பேருக்குத் தடம் தெரிந்தாலே அங்கே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உண்மையான நோயாளிகள் என்று பொருள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் புனித மகதலேனாள் இல்லத்தின் பழைய இடுகாட்டில் 85 சதவீதத்துக்கு மேல் தடம் தெரிந்தது! அதைப் பார்த்த பிறகு அந்தக் காலத்தவர்களுக்கு எதுவும் தெரியாது, எல்லாத் தோல் நோயையும் ஒன்றாகப் போட்டார்கள் என்று யாரும் எழுத முடியாது. 

தவறு நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆரம்ப நிலை நோயாளிகள் நழுவியிருப்பார்கள், ஏனென்றால் பட்டியல் முழுவதும் முற்றிய அறிகுறிகள். 1490-களில் சிபிலிஸ் வந்த பிறகு குழப்பம் கூடியது. அதிலும் மூக்கு அமிழும்.

விரல்கள் உதிர்ந்து விழும் என்ற நம்பிக்கையை மட்டும் இங்கேயே முடித்துவிடலாம். கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பு செத்ததால் சூடும் வெட்டும் தெரிவதில்லை, காயம் தொடர்ந்து படுகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பு கரைகிறது. இதை நடைமுறையில் நிறுவிக் காட்டியது நம் வேலூரில். 1940-களின் கடைசியிலிருந்து சி.எம்.சி.யில் பால் பிராண்ட் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்ததும், காயம் படாமல் காத்தால் விரல் நிலைக்கும் என்று காட்டியதும் உலகம் முழுக்க சிகிச்சையையே மாற்றியது. பாசல் இல்லத்தில் கிழங்கு உரித்த, விறகு பிளந்த நோயாளியின் கைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் வேலூர் வழியாகத்தான் புரிந்துகொள்கிறோம்.

#8 கல்வெட்டுக்காரர்

அருமை அம்மா. இடையில் ஒரு சிறு திருத்தம்: உருளைக்கிழங்கு அப்போது ஐரோப்பாவில் இல்லை, படிப்பவர்கள் குழம்பக் கூடாது. டர்னிப், வெங்காயம், கோஸ், அவரை என்று வைத்துக்கொள்ளலாம்.

#9 நூல்தேடி

சாப்பாட்டைப் பற்றி வந்ததால் கேட்கிறேன். என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள்?

#10 கல்வெட்டுக்காரர்

அளவுகளோடு நன்றாகப் பதிவான இல்லம் இங்கிலாந்தின் டர்ஹம் அருகேயுள்ள ஷெர்பர்ன். அதுவும் எல்லைப் பகுதிதான், வடக்கே ஸ்காட்லாந்து. பிஷப் ஹியூ த புவிசே சுமார் 1181-இல் 65 தொழுநோயர்களுக்காக நிறுவியது.

அங்கே ஆளுக்கு நாள்தோறும் 5 மார்க் எடையுள்ள ஒரு ரொட்டி, அதாவது ஒரு கிலோவுக்கு மேல். ஒரு காலன் ஏல். காலன் என்றவுடன் மிரள வேண்டாம், அன்றாடம் குடித்த நீர்த்த பியர். வாரத்தில் 3 நாள் இறைச்சி, 4 நாள் மீன் அல்லது பாலாடைக்கட்டி அல்லது வெண்ணெய், இரண்டு பேருக்கு ஒரு தட்டு. பெருநாட்களில் இரட்டிப்பு. ஆண்டுக்கு 3 கஜம் கம்பளித் துணி, வெள்ளை அல்லது செம்பழுப்பு. 6 கஜம் லினன், 6 கஜம் முரட்டுத் துணி. தையல் கூலி தனி. குளிர்காலத்தில் கணப்புக்கு அளந்து கொடுக்கும் எரிபொருள்.

அந்தக் காலத்துக் கூலி விவசாயி இவ்வளவு இறைச்சியைப் பார்த்திருக்க மாட்டான். இடம் கிடைக்கவே போட்டி இருந்தது. பல ஊர்களில் நுழைவதற்குப் பணமோ நிலமோ கட்ட வேண்டும், படுக்கை, போர்வை, பாத்திரம் கொண்டு வர வேண்டும். கையில் ஒன்றுமில்லாத நோயாளி வயல்வெளிக் குடிசையில் கிடந்தான். வெண்ணிமலை தேடும் கொடுமை இல்லத்துக்கு உள்ளே இருந்ததைவிட, இல்லம் கிடைக்காதவனிடம் அதிகமாக இருந்தது.

வருமானம் எங்கிருந்து என்றால், பிர்ஸ்கரை சொன்ன பாதைதான் பதில். வேல்ஸ் எல்லையிலுள்ள செஸ்டர் நகருக்கு வெளியே பௌட்டனில் புனித ஜைல்ஸ் இல்லம் இருந்தது, கிழக்குச் சாலை ஓரம். நகருக்குள் போகும் தானிய மூட்டையில் கைப்பிடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு, டீ ஆற்றில் மீன்பிடி படகு ஒன்றும். ஸ்காட்லாந்து எல்லையில் கார்லைல் நகரின் புனித நிக்கலஸ் இல்லத்துக்கு ரொட்டி சுடுகிறவர்களிடமிருந்து ரொட்டியும் ஏல் காய்ச்சுகிறவர்களிடமிருந்து ஏலும் வந்தன. இந்த உரிமைகளில் எப்போதும் தகராறு. கைப்பிடி யாருடைய கை என்பதே வழக்காகும்! நோயாளி கை வைத்த மூட்டையை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகள் முரண்டு பிடிப்பார்கள். அதனால் நோயில்லாத ஒரு பணியாளை வசூலுக்கு அனுப்புவார்கள். அந்த ஆள் எடுத்ததில் எவ்வளவு வீடு வந்தது என்பது அடுத்த வழக்கு.

#11 பிர்ஸ்கரை

ரைன் பக்கத்திலும் இதே முறைதான். வசூலுக்கு மணியோடு ஓர் ஆள் நகருக்குள் போவான், நோயாளிகள் வாசலடியில் நிற்பார்கள். நகரசபை இரண்டு மூன்று பொறுப்பாளர்களை நியமித்துக் கணக்குப் பார்த்தது. காலம் போகப்போக இல்லங்கள் திருச்சபையின் கையிலிருந்து நகரசபையின் கைக்குப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

#12 போர்க்களவரைபடம்

தோட்ட மதிலை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னீர்கள். 1444 பற்றி நான் எழுதட்டுமா?

1444 மே மாதம் தூர் நகரில் பிரான்சும் இங்கிலாந்தும் போர்நிறுத்தம் செய்துகொண்டன. சம்பளமில்லாமல் நின்ற கூலிப்படையை, அர்மன்யாக்குகள் என்று மக்கள் பயந்த கூட்டத்தை, எங்காவது அனுப்பியாக வேண்டும். சூரிக் போரில் சுவிஸ் கூட்டமைப்பை எதிர்த்து நின்ற ஹாப்ஸ்பர்க் அரசன் மூன்றாம் பிரெடரிக் உதவி கேட்டிருந்தார். பிரான்சின் 21 வயது இளவரசன் லூயி, பின்னாளில் பதினோராம் லூயி அரசன், பெரும் படையோடு பாசல் பக்கம் வந்தான். 20,000-க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. 

கூட்டமைப்பின் ஆட்கள் அப்போது பாசலுக்குத் தென்கிழக்கே ஃபார்ன்ஸ்பர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 1,500 பேர் கொண்ட பிரிவு எதிரியின் முன்னணியை அறிந்து வர அனுப்பப்பட்டது. உத்தரவு தெளிவு: பிர்ஸைத் தாண்டாதே. ஆகஸ்ட் 26 காலை பிரத்தெல்னிலும் முத்தென்ஸிலும் முன்னணிப் படையை அடித்து விரட்டினார்கள். அந்த வேகத்தில் உத்தரவை மீறி ஆற்றைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் ழான் த புவெய் தலைமையில் முழுப் படையும் நின்றது.

நீளமான ஈட்டிகளோடு நெருக்கமாக நின்று பல மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். குதிரைப்படை திரும்பத் திரும்ப மோதியது. பாசல் நகரப்படை உதவிக்கு வாசலைத் தாண்டி வந்து, பின்னால் வழி மறிக்கப்படும் என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. பாசல் அப்போது கூட்டமைப்பில் இல்லை, சேர்ந்தது 1501-இல். அணி உடைந்தபோது ஒரு பகுதி ஆற்று மணல்திட்டில் மாட்டி அழிந்தது. மற்றவர்கள் ஓடி நுழைந்தது தொழுநோயர் இல்லத்துக்குள்.

ஏன் அங்கே? சமவெளியில் குதிரையை நிறுத்தக்கூடிய ஒரே பொருள் அந்த மதில். மதிலுக்குப் பின்னால் ஈட்டிக்காரன் நின்றால் குதிரையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பீரங்கிக்கு அது தடையே இல்லை. தோட்ட மதில் மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டியது, கோட்டை மதிலின் கனம் கிடையாது. சுட்டு ஓட்டை போட்டு, கட்டடத்துக்குத் தீ வைத்து, உள்ளே புகுந்து முடித்தார்கள். தப்பியவர்கள் மிகச் சிலர். அர்மன்யாக்குகளின் இழப்பும் பெரியது. லூயி சுவிஸுக்குள் மேலும் போகாமல், அக்டோபர் 28-இல் என்சிஸ்ஹைமில் சமாதானம் செய்துகொண்டான்.

#13 நூல்தேடி

ரோஜாத் தோட்டம் கதை இந்தப் போரில்தானே?

#14 போர்க்களவரைபடம்

ஆமாம். புர்க்கார்ட் முன்ஷ் என்ற அந்தப் பக்கத்துப் பிரபு, ஹாப்ஸ்பர்க் கட்சிக்காரன், சண்டை முடிந்ததும் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, பிணங்கள் கிடந்த தோட்டத்தைப் பார்த்து, எங்கள் முன்னோர் நட்ட ரோஜாத் தோட்டத்தைப் பார்க்கிறேன் என்றானாம். குற்றுயிராகக் கிடந்த ஊரி மாநிலத்து அர்னோல்ட் ஷிக், இந்தா ஒரு ரோஜாவைத் தின்னு என்று கல்லை எறிய, அது திறந்த முகத்தில் பட்டு, மூன்றாம் நாள் முன்ஷ் செத்தான். அந்த உரையாடல் முழுவதும் கதை சொல்லிகளுடையது. சுவிஸ் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது. பார்க்க வேண்டியது வேறு: அந்தத் தோட்டம் நோயாளிகள் கோஸும் வெங்காயமும் போட்ட தோட்டம். வீரக் கதையில் அவர்கள் ஒரு வரிகூட வருவதில்லை.

#15 பிர்ஸ்கரை

இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்ல வந்தது. பாதையோரம் என்பதால் சாப்பாடு வந்தது, பாதையோரம் என்பதால்தான் படையும் வந்தது. செஸ்டர் பௌட்டன் இல்லம் 1643-இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அழிந்தது. கார்லைல் இல்லத்தை ஸ்காட்லாந்துப் படைகள் முதலே நாசமாக்கியிருந்தன. நகர மதிலுக்கு வெளியே, தெருவோரம், சுற்றுமதிலோடு நிற்கிற கட்டடம் என்றால் முற்றுகை போடுகிறவன் முதலில் அதைப் பிடிப்பான். பிடிக்க விடாமல் காவல்காரனே இடித்துவிடுவதும் உண்டு. எல்லை நகரங்களில் இந்த இல்லங்கள் திரும்பத் திரும்ப அழிந்ததற்கு நோயோ வெறுப்போ மட்டும் காரணமில்லை.

பிர்ஸ் இல்லம் 1444-க்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டது. இப்போது அங்கே நிற்பது பிந்திய கட்டடம்.

#16 வெண்ணிமலை

நோய் ஐரோப்பாவை விட்டு ஏன் போனது? ஒரு காலத்தில் 19,000 இல்லங்கள் இருந்தன என்று படித்தேன். அவ்வளவு பேரும் எங்கே போனார்கள்?

#17 கல்வெட்டுக்காரர்

19,000 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி மேத்யூ பாரிஸ், மருத்துவமனை வீரத்துறவிகளுக்கு (ஹாஸ்பிட்டலர் சபைக்கு) 19,000 நிலப்பண்ணைகள் இருந்தன என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைத் தொழுநோயர் இல்லங்களாக மாற்றிப் படித்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் இடைக்காலம் முழுவதும் சேர்த்து 300 சொச்சம் இல்லங்கள் இருந்தன, ஒரே சமயத்தில் அல்ல. தேவாலயச் சுவரில் சாய்வாக இருக்கும் துளைகளை தொழுநோயர் வெளியே நின்று பூசை பார்த்த துளை என்று காட்டுவதும் இதே ரகம். அவர்களுக்குத் தனி ஆலயம் இருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

குறைந்தது உண்மை. ஷெர்பர்னில் 65 பேருக்கு என்று தொடங்கியதை, 1434-இல் பிஷப் லாங்லி மாற்றி எழுதும்போது 13 ஏழைகள், 2 தொழுநோயர், அதுவும் இந்தப் பக்கத்தில் கிடைத்தால் என்று எழுதினார். நிறுவியவரின் நோக்கத்தை மறக்காமல் இருக்க இரண்டு இடம்!

#18 எலும்பும்நிலமும்

காரணத்துக்கு வருகிறேன். கிருமி வலுவிழந்தது என்ற விளக்கம் 2013-இல் ஆட்டம் கண்டது. டென்மார்க், சுவீடன், வின்செஸ்டர் எலும்புகளிலிருந்து எடுத்த இடைக்காலக் கிருமியின் மரபணுத் தொகுதி இன்றைய கிருமியிலிருந்து மிகக் கொஞ்சமே வேறுபடுகிறது. மாறியது கிருமி இல்லை, மனிதர்களும் அவர்கள் வாழ்ந்த நிலைமையும். நெரிசலான நகரங்களில் காசநோய் பரவியபோது தொழுநோய்க்குச் சற்று எதிர்ப்பு வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. 1348 கொள்ளைநோய், ஏற்கெனவே நலிந்தவர்களை முதலில் கொண்டுபோயிருக்கும் என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை, சேர்ந்து வேலை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

விலங்கையும் மறக்க வேண்டாம். வின்செஸ்டரில் கிடைத்த இடைக்கால செவ்வணில் எலும்பில் அதே ஊர் மனிதர்களிடமிருந்த வகைக் கிருமி இருந்ததாக 2024-இல் வெளியானது. அணில் ரோமம் அப்போது பெரிய வியாபாரம், வீட்டில் வளர்த்தவர்களும் உண்டு.

#19 நூல்தேடி

கடைசியாக ஒன்று. கிலுகிலுப்பை மாதிரி மரத்தட்டு வைத்துத் தட்டினார்களே, அது விலகிப் போ என்று சொல்லத்தானே?

#20 தோல்மருத்துவர்

பாதி அதற்கு. மீதியை #5-இல் சொன்ன குரலோடு சேர்த்துப் பாருங்கள். குரல்வளை புண்ணாகிப் போன நோயாளியால் கூப்பிட முடியாது. பாலத்தில் வண்டிச் சத்தம், ஆற்றுச் சத்தம். பிச்சை கேட்க அவருக்கு இருந்த ஒரே குரல் அந்த மரத்தட்டு. ஓவியங்களில் பார்த்தால் ஒரு கையில் தட்டும் மறு கையில் கிண்ணமும் சேர்ந்தே இருக்கும். விலகிப் போ என்று மட்டும் சொல்ல வந்தவருக்குக் கிண்ணம் எதற்கு?

#21 பிர்ஸ்கரை

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 14-ஆம் இலக்க ட்ராமில் சங்க்ட் யாக்கோப் தரிப்பில் இறங்குங்கள். மைதானத்துக்குள் கூட்டத்தோடு போகாமல் பக்கத்தில் பார்த்தால் சிற்றாலயமும் அதை ஒட்டிய பழைய கட்டடங்களும் தெரியும். அங்கிருந்து பாலத்துக்குப் போய் முத்தென்ஸ் பக்கம் திரும்பி நில்லுங்கள். 1444-இல் சுவிஸ் படை வந்த திசை அது, கோத்தார்ட்டுச் சரக்கு வந்த திசையும் அதுதான். பிறகு நகரை நோக்கி நடந்தே போங்கள், ட்ராம் வேண்டாம். வழியில் 1872-இல் ஃபெர்டினாண்ட் ஷ்லோட் செதுக்கிய போர் நினைவுச்சின்னம் வரும். அதைத் தாண்டி ஏஷன் சதுக்கத்துக்குப் போனால் பழைய நகர வாசல் இருந்த இடம். அந்தத் தூரத்தைக் காலால் அளந்து பார்த்தால், மணியோடு வசூலுக்குப் போன ஆள் ஒரே காலையில் போய் ரொட்டியோடு திரும்பக்கூடிய தூரம் என்பது விளங்கும்.

பேர்ன், சூரிக் இல்லங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் தனி இழை தொடங்குங்கள். இதற்குள் எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கஷ்டம்.